கக்கூசுச் சுவரில் ஒட்டியிருக்கும் தேரைக்கு வீடு எது?

போன வருசம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாமி கக்கூசுக்குள் போன வேகத்திலேயே கத்திக்கொண்டு வெளியே வந்தார். பாம்புதான் என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. அதற்குள், மேசன் அப்பிவிட்டு வழிக்க மறந்த சீமெந்துக் கட்டி மாதிரி ஒன்று இருந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் அதற்குக் கண் இருந்தது. தேரை.

"அதத் தொட்டிராத மனே, மேல பாஞ்சா ஆள் இளைச்சிப் போயிரும்" என்றார் மாமி. மறுகா உப்புப் போத்தலை எடுத்து வரச் சொன்னார்.

மட்டக்களப்பில் இந்தக் காட்சி நடக்காத வீடு குறைவு. தேரையைக் கண்டதும் ஒரு பாதிப் பேர் "விசம், அடி" என்பார்கள். மற்றப் பாதி கொஞ்சம் இரக்கக்காரர்கள், "பாவம், காட்டிலிருந்து வழிதவறி வந்திட்டுது, கொண்டுபோய்க் காட்டில விடு" என்பார்கள். முதல் கூட்டத்தைவிட இந்த இரண்டாம் கூட்டத்தோடுதான் எனக்கு வழக்கு அதிகம். ஏனென்றால் அது வழிதவறி வரவில்லை, தெரிந்துதான் வந்திருக்கிறது. அது எப்படி என்று விளங்கவேண்டுமென்றால் அதன் கால், தோல், முட்டை மூன்றையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

பேரிலேயே குழப்பம்

தவளை, தேரை, சொறித்தவளை என்று நாங்கள் மாறி மாறிச் சொல்கிறோம். ஒரு ஊரில் தேரை என்றால் மேல் முழுக்கச் சொறியாக இருக்கிற, தரையில் தத்தித் தத்திப் போகிறது. இன்னொரு ஊரில் சுவர் ஏறுகிறது. இந்தக் கட்டுரையில் தேரை என்றால் சுவர் ஏறுகிறவர் மட்டும்தான்.

எங்கள் வீடுகளுக்குள் வருகிறதில் முக்கியமான ஆளுக்கு விஞ்ஞானப் பெயர் பொலிபீடேட்ஸ் மாக்குலேட்டஸ். அதில் இரண்டாவது சொல் 1830இல் கிரே என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்தது. மாக்குலேட்டஸ் என்றால் புள்ளி விழுந்தது. பின்னந்தொடையை நீட்டும்போது, கபில நிறத்துக்கு நடுவில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புள்ளியெல்லாம் மடிப்புக்குள் ஒளிந்துவிடும். இங்கிலீசில் இதைச் 'சுணம்' தவளை என்கிறார்கள், எங்கள் சுண்ணம்தான் அது. சுண்ணாம்பு பூசின சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். காட்டு உயிர் என்று நாம் சொல்கிற ஒன்றுக்கு வீட்டுச் சுவரை வைத்தே பெயர் வந்திருக்கிறது, இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. முதுகில் உடுக்கு மாதிரி, நடுவில் ஒடுங்கிய ஒரு அடையாளம் இருக்கும். அது இலங்கையில் மட்டுமே இருக்கிற இனம். மாக்குலேட்டஸ் இந்தியாவிலும் இருக்கிறது.

அப்புறம், வாட்ஸப்பில் சுற்றுகிற அந்தப் பச்சை உடம்பு, சிவப்புக் கண், செம்மஞ்சள் விரல் உள்ள தவளை இருக்கிறதே, அது மத்திய அமெரிக்காக்காரர். எங்கள் தேரைக்கு நெருங்கிய சொந்தம்கூட இல்லை. விரல் நுனியில் வட்டம் இருப்பதால் ஒரே குடும்பம் என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் மரமேறுகிறவர் காலில் தளைநார் போடுகிறார். உலகத்தின் மறுபக்கத்தில், எங்களைக் கண்டேயிராத ஒருவர் பனை மாதிரி ஒரு மரத்தில் ஏறவேண்டியிருந்தால் அவரும் ஏதோ ஒரு கயிற்றைத்தான் கட்டுவார். சிக்கல் ஒன்றாக இருந்தால் தீர்வும் ஒன்றுபோல வரும். உயிரினங்களில் இப்படி நடப்பதற்கு ஒருங்கு பரிணாமம் என்று பெயர்.

சுவரில் எப்படி ஒட்டுகிறது

விரல் நுனியில் உறிஞ்சுகுழாய் இருக்கிறது, காற்றை உறிஞ்சி ஒட்டுகிறது என்று நானும் பள்ளிக்கூட நாளில் நம்பினேன். குளியலறைச் சுவரில் ரப்பர்க் கிண்ணம் போல ஒட்டுகிற கொக்கி விற்கிறார்களே, அந்த மாதிரி என்று. அப்படி இல்லை. ரப்பர்க் கிண்ணத்தின் ஓரத்தில் சின்ன இடைவெளி வந்தாலே அது விழுந்துவிடும். தேரையின் விரல் நுனியிலோ ஓரம் வரைக்கும் இடைவெளிதான்.

கண்ணாடி மேசையில் ஈரமான தம்ளரை வைத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் அடம்பிடித்துத்தான் எழும்பும். நடுவில் இருக்கிற மெல்லிய தண்ணீர்ப் படை இரண்டையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்ப்பதால் வருகிற இந்த இழுவைதான் பரப்பிழுவிசை. தேரையின் ஒட்டுதலில் ஒரு பங்கு இது.

ஆனால் தண்ணீர் கூடினால் வழுக்கும், ஈர டைல்ஸில் விழுந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேரை அதற்கும் வழி வைத்திருக்கிறது. விரல் நுனித் தோலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அறுகோணத் துண்டு துண்டாக, டைல்ஸ் பதித்த மாதிரி இருக்கும். துண்டுகளுக்கு நடுவில் கோடு கோடாக வாய்க்கால். கூடுதல் நீரும் சளியும் அந்த வாய்க்காலால் வடிந்துவிடும், துண்டுகளின் முகம் சுவரை ஏறக்குறையத் தொட்டுவிடும். அந்தத் தொடுகையில் வருகிற உராய்வு ஒட்டுதலின் மறுபங்கு. எங்கள் வயல் வாய்க்கால் மாதிரித்தான்: தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக்கூடாது.

கழற்றுவது இன்னும் அழகு. ஸ்டிக்கரை ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் உரிந்து வரும், சுவரோடு சேர்த்து இழுத்தால் வராது. தேரை நடக்கும்போது விரலை ஓரத்திலிருந்து உரித்து எடுக்கிறது. சறுக்கப்போகும்போது கால்களை அகல விரித்துச் சுவரோடு சேர்த்து இழுபடவிடுகிறது. டோர்ச் அடித்துப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டும் தெரியும்.

சுருக்கமாக இதுவரை: எங்கள் தேரை ஏறுகிற தவளை. காற்றை உறிஞ்சி ஒட்டவில்லை, ஈரத்தாலும் உராய்வாலும் ஒட்டுகிறது. அதற்கு மரப்பட்டையும் ஒன்றுதான், டைல்ஸும் ஒன்றுதான்.

தோலால் தண்ணீர் குடிக்கிற ஆள்

உப்புப் போத்தல் கதைக்கு வருவோம். பலபேருக்கு அதிசயமாக இருக்கும், தவளைகள் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் கீழ்ப்பக்கத்திலும் தோல் மெல்லியதாக இருக்கும். ஈரமான இடத்தில் அப்படியே உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். கக்கூசின் நனைந்த மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே, அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும் அல்லவா? மாங்காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியிலிருக்கும் உப்பு இழுக்கிறது. மெல்லிய படலம் ஒன்றின் வழியாக, உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடின பக்கத்துக்குத் தண்ணீர் போவதைத்தான் எங்கள் பாடப்புத்தகம் பிரசாரணம் என்கிறது, தமிழ்நாட்டில் சவ்வூடுபரவல் என்பார்கள். தேரையின் உடம்புக்குள் கொஞ்சம் உப்பு, வெளியே நல்ல தண்ணீர். அதனால் தண்ணீர் உள்ளே வருகிறது. மேலே உப்பைக் கொட்டினால் கதை தலைகீழ். மாங்காய்க்கு நடந்தது உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு நடக்கிறது. மாமிக்கு இந்த மாங்காய்க் கதையைத்தான் சொன்னேன், முகம் கொஞ்சம் மாறியது.

கக்கூசு கழுவுகிற திரவம், வயலுக்கு அடிக்கிற மருந்து எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். மூச்சின் ஒரு பகுதியும் தோலால்தான் நடக்கிறது. தண்ணீரும் காற்றும் புகுகிற தோலால் மற்றதும் புகும்.

தண்ணீர் உள்ளே வருவது இவ்வளவு சுலபம் என்றால் வெளியே போவதும் சுலபம். ஆடி ஆவணியில் எங்கள் பக்கத்துக் கச்சான், காயப்போட்ட சாரத்தை அரை மணி நேரத்தில் மொரமொரப்பாக்கிவிடும், அந்தக் காற்றில் தேரை என்னாவது? ஆகவே பகலில் கால்களை எல்லாம் உடம்புக்குக் கீழே மடித்து, நாடியைத் தரையோடு அழுத்தி, கட்டி மாதிரி ஆகிவிடுகிறது. காற்றுப் படுகிற பரப்புக் குறைந்தால் காய்வதும் குறையும். நிறமும் வெளிறும். இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்கிறது: தோலிலிருந்து கொழுப்புக் கலந்த ஒரு திரவத்தைச் சுரந்து, கைகால்களால் உடம்பெல்லாம் தடவிக்கொள்கிறது. தலைக்கு எண்ணெய் வைத்து முழுகப்போகிறவர் மாதிரி, முதுகு, தலை, விலா என்று ஒரு இடம் விடாமல். நீர் ஆவியாகிப் போவதை அந்தப் பூச்சுக் குறைக்கிறது. இந்தத் தடவுதலை இதே இனத்தில் கவனித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

வாழிடம் என்றால் ஒரு இடமா?

இங்கேதான் பெரிய தவறான விளக்கம். வாழிடம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு முகவரி நினைவுக்கு வருகிறது: யானைக்குக் காடு, மீனுக்கு வாவி, மரத்தவளைக்கு மரம். உண்மையில் வாழிடம் என்பது ஒரு உயிர் வாழ்ந்து குஞ்சு பொரிப்பதற்கு வேண்டிய தேவைகள் எல்லாம் எட்டுகிற தூரத்துக்குள் கிடைக்கிற ஏற்பாடு.

எழுவான்கரையில் வீடு வைத்திருக்கிற ஒரு விவசாயியை எடுங்கள். வீடு கடலோரத்தில். வயலோ வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில். விதைப்புக் காலத்தில் போய் வாடியில் தங்குவார், வெட்டு முடிந்ததும் திரும்புவார். அவர் வாழ்கிற இடம் எது என்று கேட்டால் வீடா, வாடியா, நடுவில் இருக்கிற பாலமா? மூன்றும் சேர்ந்துதான் அவருடைய வாழ்க்கை. ஒன்றை எடுத்தால் மற்றதும் ஆடும்.

தேரைக்கும் அப்படித்தான். பகலில் ஈரமும் இருட்டும் உள்ள ஒரு இடுக்கு. இராத்திரி பூச்சி கிடைக்கிற இடம். மாரியில் முட்டையிட, மேலே தொங்குவதற்கு ஏதாவது ஒன்று உள்ள, ஓடாத நல்ல தண்ணீர். இவ்வளவும் கிட்டக் கிட்ட வேண்டும். உன்னிச்சைப் பக்கம் குளக்கட்டு மருத மரத்துப் பொந்தில் முதலாவது கிடைக்கும். வீட்டில் வாழை மட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் கிடைக்கும், கிடுகு அடுக்கில் கிடைக்கும். இவை இல்லாத வளவில் கக்கூசுத் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் கிடைக்கும். இப்படிப்பட்ட சின்ன இடுக்குகளை நுண்வாழிடம் என்பார்கள். கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவன் என்று ஆண்டவனைச் சொல்கிறோமே, சொன்னவர் ஏதோ ஒரு நுண்வாழிடத்தைக் கண்டவராகத்தான் இருக்கவேண்டும்.

பூச்சி? விறாந்தை லைற்றைப் போட்டு நாங்களே அழைத்துக் கொடுக்கிறோம். ஈசல், கரப்பான், அந்துப்பூச்சி. விழுங்கும்போது கவனித்தால் கண் இரண்டும் உள்ளே அமிழும். ருசித்துக் கண்மூடுகிறது என்று நினைக்கவேண்டாம், கண்விழியால் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது.

தண்ணீர்தான் எங்கள் பகுதியில் சிக்கல். வாவி பெரிசாகக் கிடக்கிறது, ஆனால் கடலோடு கலக்கிற உவர்நீர். பிரசாரணக் கதையை நினைத்துப் பாருங்கள், முட்டைக்கும் வாற்பேத்தைக்கும் அது ஆகாது. உப்பைத் தாங்குகிற தவளைகள் உலகத்தில் மிகச் சில, தென்கிழக்காசியக் கண்டல்காட்டில் நண்டு தின்கிற ஒன்று இருக்கிறது. எங்களுடையது அந்த வகை இல்லை. மழைத் தண்ணீர், கிணறு, குளத்தோரம், தொட்டி, இவைதான் கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிக் கிடந்ததும், அந்தத் தண்ணீரில் பல் தீட்ட முடியாமல் இருந்ததும் எங்கள் வயதுக்காரருக்கு மறக்காது. நமக்குத் தண்ணீர்ப் பவுசர் வந்தது. அந்தக் கிணறுகளை நம்பியிருந்த தேரைகளுக்கு எதுவும் வந்திராது.

இங்கே ஒரு மூச்சு: வாழிடம் என்பது தேவைகளின் கூட்டு. தேரைக்கு வேண்டியது இடுக்கு, இரை, மழைத் தண்ணீர். எங்கள் வளவு மூன்றையும் கொடுக்கிறது. அதைப் பிடித்து, முன்பின் தெரியாத காட்டில் விட்டால், வாடியும் பாலமும் தெரியாத ஊரில் ஒரு விவசாயியை இறக்கிவிட்ட கதைதான்.

நுரைக்குள் முட்டை

மாரி தொடங்கினதும் இராத்திரி ஒரு சத்தம் கேட்கும், பலகையில் விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி, டக் டக் டக் என்று. ஆண் தேரை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை, அந்தச் சத்தத்தைப் பெண்ணும் கேட்கும், பாம்பும் கேட்கும். ஆனாலும் கத்தாவிட்டால் குடும்பம் இல்லை.

எங்கள் வளவில் பழைய நீலப் பீப்பாய் ஒன்று பீலித் தண்ணீர் பிடிக்க இருக்கிறது. ஒரு காலை அதன் உள்விளிம்பில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சின்னப் பணிஸ் அளவில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. யாரோ உடுப்புத் தோய்த்த நுரை என்று தும்புத்தடியை எடுத்துவிட்டேன். கிட்டப் பார்த்தால் நுரை வழியவில்லை. தொட்டால் மேலே மெல்லிய தோல் கட்டியிருந்தது, முட்டை வெள்ளைக்கருவை அடித்து வெயிலில் வைத்தால் வருமே, அதுபோல.

அடித்ததும் அதே மாதிரித்தான். பெண் தேரை ஒரு திரவத்தை விட்டு, பின்னங்கால்களால் அதை அடி அடியென்று அடித்து நுரையாக்கி, அதற்குள் சில நூறு முட்டைகளை இடும். ஆண் முதுகில் இருந்தபடி அவற்றைக் கருக்கட்டச் செய்யும். இதுதான் நுரைக்கூடு. வெளித்தோல் காய்ந்துகொள்ள உள்ளே ஈரம் நிற்கும். குமிழிகளில் காற்றும் இருக்கும். தண்ணீரில் முட்டை இட்டிருந்தால் மீனும் தும்பிக் குஞ்சும் தின்றுவிடும், இங்கே எட்டாது.

அந்த நுரையை விட்டுவிட்டுத் தினமும் பார்த்தேன். நாலாம் நாள் அடிப்பக்கம் இளகி, ஒரு சொட்டுத் தொங்கியது. சொட்டுக்குள் ஒரு வால் ஆடியது. பொத்தென்று தண்ணீரில் விழுந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. கூடு ஏன் தண்ணீருக்கு நேர் மேலே இருக்கவேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் எல்லாம் சீமெந்துத் தரையில்.

தண்ணீரிலும் தரையிலுமாக இப்படி இரண்டு வாழ்க்கை வாழ்வதால்தான் ஈரூடகவாழி என்கிறோம். இலங்கையில் நூறுக்கும் மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை, அதிலும் அதிகம் மலைநாட்டிலும் தென்மேற்கின் ஈரக் காடுகளிலும். அங்கே சில சின்ன மரத்தவளைகள் வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகத் தவளையாகவே வரும். அதற்கு வருசம் முழுக்க நிலம் நனைந்திருப்பது வசதி. எங்கள் உலர்வலயத்துக்கு நுரைக்கூடு தோதான ஏற்பாடு.

தேரை பாய்ந்தால் இளைக்குமா

இளைக்காது. பிள்ளை இளைத்தால் வயிற்றோட்டமா, பூச்சியா, சாப்பாடு போதாதா என்று பார்க்கவேண்டும், பிள்ளையின் கிளினிக் கார்ட்டில் நிறைக் கோடு எப்படிப் போகிறது என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்கவேண்டும். தேரையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் போய்விடும், அதுதான் இந்த நம்பிக்கையில் எனக்குள்ள கோபம்.

தேரை மோந்த தேங்காய் என்பதும் அப்படித்தான். உள்ளே பருப்பில்லாத ஒல்லிக்காய்க்குக் காரணம் மகரந்தம் சரியாகச் சேராதது, மண்ணில் சத்துக் குறைவு, வரட்சி. காய் சுருங்கித் தழும்பு விழுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்றும் உண்டு, 1997இன் கடைசியில் கற்பிட்டிப் பக்கம் முதலில் கண்டது. தென்னை வட்டுக்குள் ஈரம் நிற்பதால் தேரை அங்கே இருக்கும். பறிக்க ஏறினவர் தேரையையும் கண்டார், ஒல்லிக்காயையும் கண்டார், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

விசம் பற்றி: தோல் சளி கண்ணில் பட்டால் எரியலாம், அதனால் தொட்டால் கை கழுவவேண்டும். அவ்வளவுதான். கண்ணுக்குப் பின்னால் வீங்கின சுரப்பி உள்ள சொறித்தவளைக்கு நஞ்சு உண்டு, நாய் கவ்வினால் நுரை தள்ளும். அது வேறு ஆள். பாம்பு வரும் என்ற பயத்தில் மட்டும் ஒரு பங்கு நியாயம். கொம்பேறிமூக்கன் தேரையைத் தேடி வரும். ஆனால் அந்தப் பாம்பால் மனிதருக்கு ஆபத்தில்லை, சுடலைப் புகையைப் பார்க்க மரத்தில் ஏறி நிற்கும் என்பது அதன் மேல் நாம் கட்டின இன்னொரு கதை.

அப்ப என்ன செய்யிறது?

உள்ளே இருப்பது பிடிக்கவில்லை என்றால் கையை நல்ல தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அல்லது ஒரு தயிர்ச் சட்டியால் மூடி அடியில் அட்டையைச் சொருகி, பொழுது பட்டதும் வளவிலேயே வாழையடியில் விடுங்கள். உச்சி வெயிலில் விடவேண்டாம். யன்னலுக்கு வலை அடித்து, கழிவுக் குழாய் வாய்க்குத் தட்டுப் போட்டால் வருவது குறையும். பீப்பாயில் நுரையைக் கண்டால் நாலைந்து நாள் பொறுங்கள். நுளம்புக்குப் பயந்து தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும் என்றால், டெங்கு நேரத்தில் அது சரிதான், நுரையைச் சுரண்டி எடுத்து வயலோரக் குட்டைக்கு மேலே ஒரு கிளையில் ஒட்டிவிடலாம்.

எங்கள் வீட்டுத் தேரையை இரண்டு தரம் வாழையடியில் விட்டேன். இரண்டு தரமும் தொட்டிக்குப் பின்னால் ஒரு தேரை வந்து உட்கார்ந்தது, அதேதானா வேறா என்று சத்தியம் பண்ணமாட்டேன். உப்புப் போத்தல் குசினிக்குப் போய்விட்டது. மாமி இன்னும் அதைத் தொடுகிறவர் இல்லை. உள்ளே போகுமுன் வாசலில் நின்று, "இருக்குதா மனே?" என்று கேட்பார். நான் டோர்ச் அடித்துப் பார்த்து, எந்த மூலை என்று சொல்லுவேன்.